பிரேக் பிடிக்கவில்லையா, பார்க்கவில்லையா?

“பிரேக் பிடிக்கவில்லை” என்ற வார்த்தைகளைக் கேட்டுக் கேட்டு நமது ஜனங்களின் காது பழகிவிட்டது. மலைப் பாதையில் வான் கவிழ்ந்தாலும், சந்தைக் கூட்டத்தில் லாரி புகுந்தாலும், சிக்னலில் நின்ற வண்டிகளின்மீது பஸ் மோதினாலும், மறுநாள் பத்திரிகைகளில் இவ்வார்த்தைகள் தவறாமல் வெளியாகின்றன. இடி விழுந்தது, வெள்ளம் வந்தது என்று சொல்வதைப் போலவே இதையும் சொல்லி, பெருமூச்சு விட்டு, அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். பிரேக்கை இடியோடு சேர்ப்பது தகாது. அது முன்னறிவிப்பு இன்றிக் கெடுவது மிக அபூர்வம். தேய்ந்து, கத்தி, ஒரு பக்கமாக இழுத்து, மிதித்த இடத்தில் நில்லாமல் அமுங்கி, பல நாள் எச்சரித்த பிறகே அது கைவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு விபத்துக்குப் பிறகும் கேட்கவேண்டிய கேள்வி வேறு. சக்கரத்தைக் கழற்றிக் கடைசியாகப் பார்த்தது எந்தத் தேதியில்? பார்த்தவர் யார்? அப்பொழுது லைனிங் எத்தனை மில்லிமீட்டர் இருந்தது? இம்மூன்றுக்கும் விடை எழுதி வைத்திருக்கும் வண்டிச் சொந்தக்காரர்கள் நமது ராஜ்யத்தில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?

மத்திய சர்க்கார் வெளியிட்ட கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் நிகழ்ந்த சாலை விபத்துக்கள் 4,61,312. மாண்டவர்கள் 1,68,491 பேர். விபத்துக்களின் எண்ணிக்கையில் அவ்வாண்டு முதலிடம் பெற்றது தமிழ்நாடு: 64,105. உயிர்ச் சேதத்தில் உத்தரப் பிரதேசத்துக்கு அடுத்தபடியாக நின்றதும் நாமே: 17,884 பேர். நாளொன்றுக்கு 49 பேர் என்று கணக்காகிறது. தேசம் முழுவதிலும் மாண்டவர்களில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோர் மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டர்களில் சென்றவர்கள். காரணங்களைக் கூறும் அட்டவணையைப் புரட்டினால், மரணங்களில் பத்தில் ஏழு பங்குக்கு எதிரே ‘அதிவேகம்’ என்று எழுதியிருக்கிறது.

அதிவேகம் குற்றமே, அதில் விவாதமில்லை. ஆனால் இந்த அட்டவணை ஒரு விஷயத்தை மூடி மறைக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் நல்ல பிரேக்குடன் உலர்ந்த சாலையில் சுமார் 9 மீட்டரில் நின்றுவிடும். வேகம் இரு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது 36 மீட்டர். மிதிக்கவேண்டும் என்று டிரைவருக்குத் தோன்றும் அந்த ஒரு விநாடியில் வண்டி ஓடிவிடும் 22 மீட்டர் இதில் சேராது. இப்பொழுது அதே காரின் பிரேக் பாதி பலத்தை இழந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். நல்ல வண்டி முற்றிலும் நின்றுவிட்ட அதே இடத்தில் இந்த வண்டி இன்னும் மணிக்கு சுமார் 56 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும். அங்கே சாலையைக் கடந்துகொண்டிருந்த மனிதனின் கதி என்ன? போலீஸார் வருவார்கள், மோதிய வேகத்தைக் கண்டு ‘அதிவேகம்’ என்று எழுதுவார்கள். பிரேக்கின் பாதிப் பங்கு எந்தக் கணக்கிலும் ஏறாது. விபத்துக்குப் பிறகு மோட்டார் வாகன ஆய்வாளர் வண்டியைப் பார்த்து, இயந்திரக் கோளாறு விபத்துக்குக் காரணமா இல்லையா என்று அறிக்கை தருவது உண்டு. ஆனால் ‘பிரேக் வேலை செய்கிறது’ என்பதற்கும், ‘பிரேக் முழுப் பலத்தோடு வேலை செய்கிறது’ என்பதற்கும் நடுவே 36 மீட்டர் இருக்கிறது என்பதை நேயர்கள் கவனிக்கவேண்டும்.

சட்டம் இவ்விஷயத்தில் ஊமையாக இல்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190-வது பிரிவு, வண்டியில் ஆபத்தான குறை இருப்பதை அறிந்தோ, சாதாரண கவனத்தினால் அறிந்திருக்கக்கூடிய நிலையிலோ அதை ஓட்டுகிறவனை மட்டுமின்றி, ஓட்ட அனுமதிப்பவனையும் குற்றவாளியாக்குகிறது. 1977-ல் சுப்ரீம் கோர்ட்டார் பம்பாய் லாரி விபத்து ஒன்றைப் பற்றிய வழக்கில், இயந்திரக் கோளாறு என்று சொல்லித் தப்ப முடியாதென்றும், வேண்டிய கவனம் முழுவதையும் செலுத்திய பின்னரும் அக்குறை மறைந்தே இருந்தது என்று ருசுப்படுத்தும் பாரம் சொந்தக்காரரையே சேர்ந்ததென்றும் தீர்ப்புக் கூறினார்கள். அதற்கு முன் 1969-ல் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபையும் இதே முடிவுக்கு வந்தது. அங்கே ஒரு லாரியின் பிரேக் எண்ணெய்க் குழாய், சட்டத்தை ஒட்டி மறைந்திருந்த பக்கத்தில் துருவேறி, இறக்கத்தில் வெடித்தது, ஒருவர் உயிரிழந்தார். கண்ணுக்குத் தெரிந்த பகுதியை ஒழுங்காகப் பார்த்துவந்தோம் என்று சொந்தக்காரர்கள் வாதித்தார்கள். அந்த லாரி முன்பு என்ன சரக்கை ஏற்றியது, எங்கெங்கே ஓடியது என்ற சரித்திரத்தைக் கூறாத வரையில் அந்த வாதம் போதாது என்று பிரபுக்கள் தள்ளிவிட்டார்கள். சாதாரண கவனம் என்றால் என்ன? அதைப் பட்டறையில்தான் தெரிந்துகொள்ளவேண்டும். நமது நேயர்களில் பலர் வண்டி வைத்திருப்பவர்கள். பஸ்ஸிலும் வானிலும் பெண்டு பிள்ளைகளை ஏற்றி அனுப்பாதவர் எவருமில்லை. ஆகையால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

காரின் முன் சக்கரங்களில் இப்பொழுது பெரும்பாலும் டிஸ்க் பிரேக்தான். சுழலும் இரும்புத் தட்டை இரு பக்கமும் பேடுகள் கவ்விப் பிடிக்கின்றன. புதுப் பேடின் உராயும் பகுதி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் கனம் இருக்கும். 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிடவேண்டும் என்பது நல்ல பட்டறைகளின் வழக்கம். பிரிட்டனில் நடக்கும் வருஷாந்தரப் பரிசோதனையில் 1.5 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் வண்டி தேறாது. பல பேடுகளில் ஒரு சிறிய உலோக நாக்கு வைத்திருக்கிறார்கள். தேய்மானம் எல்லையை நெருங்கும்போது அது தட்டில் உரசிக் ‘கீச்’சென்று கத்தும். இது கெடுதல் வருவதற்கு முன் அடிக்கும் மணி. நம்மவர் செய்வதென்ன? ரேடியோவின் ஓசையைக் கூட்டிவிடுகிறார்கள். பிறகு கீச்சொலி போய், இரும்போடு இரும்பு அரைக்கும் கரகரப்பு வருகிறது. அதற்குள் தட்டும் பள்ளம் பள்ளமாகிவிடுகிறது. சில நூறு ரூபாய் பேடில் முடிந்திருக்கவேண்டிய வேலை சில ஆயிரத்துக்கு ஏறுகிறது. எவ்வளவு கனத்துக்குக் குறைந்தால் தட்டை எறிந்துவிடவேண்டும் என்பதை அத்தட்டிலேயே பொறித்திருக்கிறார்கள். அதை வாசித்துப் பார்த்தவர்கள் மிகச் சிலரே.

லாரி, பஸ்களில் பெரும்பாலும் டிரம் பிரேக். உள்ளே இருக்கும் ஷூவில் லைனிங்கை ரிவெட் அடித்துப் பொருத்தியிருக்கும். லைனிங் தேய்ந்து ரிவெட்டின் தலையை நெருங்கினால் காலம் முடிந்தது என்று பொருள். அதைத் தாண்டினால் ரிவெட் டிரம்மைக் கீறிவிடும். கீறிய டிரம்மைக் கடைசல் பிடித்துச் சமன் செய்வது வழக்கம். ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. கடைசல் பிடிக்கப் பிடிக்க டிரம் மெலிந்து, சூட்டைத் தாங்கும் சக்தியை இழக்கிறது. இன்னும் ஒரு தடவை, இன்னும் ஒரு தடவை என்று கடைசல் பிடித்த டிரம்கள் எத்தனையோ ஓடுகின்றன. காற்றின் அழுத்தத்தால் இயங்கும் ஏர் பிரேக்குகளில் ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி கூடிக்கொண்டே போனால், மிதித்த காற்றெல்லாம் தண்டை நகர்த்துவதிலேயே செலவாகி, பிடிப்புக்கு மிஞ்சாது. சமதரையில் இது தெரியாது. பாரம் ஏற்றி இறக்கத்தில் விட்ட பிறகே தெரியும். காற்றுத் தொட்டியில் சேரும் தண்ணீரைத் தினமும் திறந்து வடிப்பது கிளீனர் பையனின் வேலை. கிளீனர் வைப்பதே நின்றுபோன பிறகு அந்த வேலையும் நின்றுவிட்ட வண்டிகள் பல. லைனிங் தூசியை வாயால் ஊதித் துடைக்கும் பழக்கத்தையும் பட்டறைக்காரர்கள் விட்டொழிக்கவேண்டும். பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருந்தது, அது நுரையீரலைக் கெடுப்பது.

கண்ணுக்குத் தெரியாமல் கெடுவது பிரேக் எண்ணெய். கார்களிலும் சிறு வான்களிலும் காலின் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கொண்டுபோவது இதுவே. இந்த எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும் இயல்புடையது. டாட் 3 என்ற ரகத்துக்குப் புதிதாக இருக்கையில் கொதிநிலை குறைந்தபட்சம் 205 டிகிரி சென்டிகிரேட் இருக்கவேண்டும். ஈரம் ஏறியபின் நிர்ணயித்த அளவு 140 டிகிரிதான். டாட் 4 ரகத்துக்கு 230-ம் 155-ம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி நிரம்புகிறது. ஆவி அமுங்கக்கூடியதாகையால், பெடல் தரை வரையில் போகும், சக்கரம் நில்லாது. இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எண்ணெயை முழுவதும் மாற்றவேண்டும் என்று பல கம்பெனிகள் கைப்புத்தகத்தில் எழுதியிருக்கின்றன. நமது ஊர்களில் எண்ணெய் குறைந்தால் ஊற்றுவார்களே தவிர மாற்றுவதில்லை. எண்ணெய் மட்டம் குறைவதே, கசிவு இருக்கிறது, அல்லது பேடு தேய்ந்திருக்கிறது என்பதற்கு அடையாளம். காரணத்தைத் தேடாமல் ஊற்றி நிரப்புவது ஜுரமானியை உடைத்துவிட்டு ஜுரம் தீர்ந்தது என்று சொல்வதைப் போன்றதே.

ஷாக் அப்சார்பரின் கதை இதைவிட மோசமானது. பிரேக்காவது கத்துகிறது, இது கத்துவதில்லை. வண்டியின் பாரத்தைத் தாங்குவது ஸ்பிரிங். ஷாக் அப்சார்பரின் வேலை அந்த ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்குவது. உள்ளே இருக்கும் எண்ணெய் சிறு துவாரங்களின் வழியே நெருக்கியடித்துச் செல்லும்போது துள்ளலின் சக்தி சூடாக மாறித் தணிந்துவிடுகிறது. சீல் கசிந்து எண்ணெய் போய்விட்டால், பள்ளத்தில் இறங்கிய சக்கரம் ஏறி, இறங்கி, மறுபடி ஏறி ஆடிக்கொண்டே இருக்கும். இதைச் சௌகரியத்தைச் சேர்ந்த விஷயம் என்று பலர் எண்ணுகிறார்கள். முதுகு வலித்தால் வலிக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். டயர் தரையை அழுத்திக்கொண்டிருக்கும்போது மட்டுமே பிரேக்குக்குப் பலன் உண்டு என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். அந்தரத்தில் துள்ளும் சக்கரத்தை எவ்வளவு இறுகப் பிடித்தாலும் வண்டி நில்லாது. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். சாதனம் 2019 ஏப்ரல் முதல் புதுக் கார்களுக்குக் கட்டாயமாயிற்று. நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதுவும் தரையைத் தொடும் டயரைக் கொண்டே வேலை செய்கிறது.

ஷாக் அப்சார்பர் தேய்வதை டிரைவர் உணராததற்குக் காரணம், அது நாளுக்கு நாள் கடுகளவாகத் தேய்வதே. அவரும் கூடவே பழகிக்கொள்கிறார். வளைவில் வண்டி சாய்கிறதா, முன்னைவிடச் சற்று மெதுவாகத் திருப்புகிறார். பிரேக் போட்டதும் மூக்கு தரையை நோக்கிக் குனிகிறதா, சற்று முன்பே மிதிக்கிறார். அந்நியன் ஒருவன் வந்து அதே வண்டியை ஓட்டினால் முதல் பர்லாங்கிலேயே திடுக்கிடுவான். ஆகவே பழக்கத்தை நம்பாமல் அடையாளங்களை நம்பவேண்டும். குழலின்மீது எண்ணெய் வழிந்து தூசி அப்பியிருக்கிறதா என்று குனிந்து பார்க்கவேண்டும். காரின் ஒரு மூலையை அழுத்தி விட்டால், அது எழுந்து ஒரு முறை அசைந்து நின்றுவிடவேண்டும். மேலும் மேலும் ஊஞ்சலாடினால் வேலை இருக்கிறது. டயரின்மீது கையைத் தடவினால் அங்கங்கே குழி குழியாகத் தேய்ந்திருப்பது தெரிந்தால், டயர்க் கடைக்குப் போவதற்கு முன் ஷாக் அப்சார்பரைப் பார்க்கவேண்டும். இல்லையேல் புது டயரும் அவ்வாறே தேயும். பிரேக்கானாலும் ஷாக் அப்சார்பரானாலும் ஒரே அச்சில் உள்ள இரு பக்கத்தையும் சேர்த்தே மாற்றவேண்டும். இடது புதிது, வலது பழையது என்றால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எத்தனை ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவது என்று கேட்பவர்களுக்கு ஒரே எண்ணைச் சொல்லிவிட முடியாது. சென்னையில் அண்ணா சாலையில் நாள் முழுதும் நிறுத்தி நிறுத்தி ஓடும் டாக்சியின் பேடும், திருச்சி நெடுஞ்சாலையில் ஒரே சீராக ஓடும் காரின் பேடும் ஒரே கணக்கில் தேயமாட்டா. சாலையின் லட்சணமும் இதில் சேருகிறது. இந்தியன் ரோட்ஸ் காங்கிரஸ் வகுத்த அளவின்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் உள்ள, தட்டையாக வளைந்த மேடாக இருக்கவேண்டும். நமது கிராமங்களிலும் நகரச் சந்துகளிலும் இருப்பவை வரப்புகள்! வெள்ளைக் கோடுகூட இன்றி, இரவில் மனிதனை எகிறடிக்கும் வரப்புகள். ஷாக் அப்சார்பர்களுக்குச் சீக்கிரம் ஆயுள் முடிவதில் ஸ்தல ஸ்தாபனங்களின் பங்கும், மராமத்து இலாகாவின் பங்கும் கொஞ்சமல்ல. ஆகவே கிலோமீட்டர் என்பது திறந்து பார்க்கவேண்டிய நாளைச் சொல்லுமேயன்றி, மாற்றவேண்டிய நாளைச் சொல்லாது. மாற்றவேண்டிய நாளைச் சொல்வது அளவுகோல் ஒன்றே.

இவையெல்லாம் ஒன்றுகூடி மனிதனைச் சோதிக்கும் இடம் மலைப்பாதை. உதகையிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிப் பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். வால்பாறைக்கு 40. கொல்லிமலைக்கு 70. பத்து டன் எடையுள்ள வண்டி ஆயிரம் மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், பிறக்கும் சூடு ஏறக்குறைய முந்நூறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். அவ்வளவு சூடும் சில சக்கரங்களிலுள்ள இரும்புக்குள் புகவேண்டும். லைனிங் புதிதாக இருந்தாலும்கூடப் பிடிப்பு தளர்ந்துவிடும். பாதி தேய்ந்ததாக இருந்தால் கேட்கவே வேண்டாம். இதனால்தான் ஏறின கியரிலேயே இறங்கு என்று பழைய டிரைவர்கள் சொல்லிவந்தார்கள். என்ஜினே வண்டியைப் பிடித்துக்கொண்டு வரும். பிரேக் அவசரத்துக்குக் காத்திருக்கும். டீசலை மிச்சப்படுத்துவதாக எண்ணி நியூட்ரலில் விட்டு இறங்குவதும், அதைவிடப் பாதகமாக என்ஜினை நிறுத்திவிட்டு இறங்குவதும் தற்கொலைக்குச் சமானம். என்ஜின் நின்றால் பிரேக்குக்குத் துணைபுரியும் உறிஞ்சு சக்தியும் இரண்டு மூன்று மிதிகளில் தீர்ந்துபோகும். விடுமுறை நாட்களில் சமவெளியிலிருந்து வாடகை வான்களில் மலைக்குச் செல்லும் குடும்பங்கள், புறப்படுமுன் டிரைவரிடம் கட்டணத்தைப் பேசும் நேரத்தில் பாதியைப் பிரேக்கைப் பற்றிக் கேட்பதில் செலவிடலாம்.

இதில் நமக்கு வெட்கம் தரும் விஷயம் ஒன்று உண்டு. பிரேக் சாமான்களுக்காக நாம் எந்த அந்நிய நாட்டையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. 1962-ல் சென்னையை அடுத்த பாடியில் பிரேக்ஸ் இந்தியா ஆலை தோன்றியது. பாடி, அம்பத்தூர் வட்டாரம் பிரேக்குக்கும் லைனிங்குக்கும் பேர்போன இடமாயிற்று; அங்கிருந்து வெளிநாடுகளுக்கும் சரக்குப் போகிறது. அப்படியிருக்க, அதே பெயரையும் அதே அட்டைப் பெட்டியையும் காப்பியடித்த போலிச் சரக்கு, பாதி விலைக்கு நமது கடைவீதிகளில் விற்பனையாகிறது. போலி லைனிங் கையில் எடுத்துப் பார்க்கையில் நல்லதைப் போலவே இருக்கும். சூடேறிய பிறகே சாயம் வெளுக்கும். போலி மருந்து விற்பவனுக்கும் இவனுக்கும் என்ன வித்தியாசம்? மருந்தாவது தின்றவனை மட்டும் கொல்லும்.

பணப் பிரச்னையைத் தட்டிக்கழித்துவிட்டு இதைப் பேசுவது நியாயமாகாது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் ஒன்றிரண்டு லாரிகளைத் தவணைக்கு வாங்கி ஓட்டும் சிறு முதலாளிக்கு மாதத் தவணை, டீசல், சுங்கச்சாவடி, இன்ஷூரன்ஸ், டயர் ஆகிய செலவுகள் தேதி தவறாமல் வந்து நிற்கின்றன. தள்ளிப்போடக்கூடியது பிரேக் வேலை ஒன்றுதான். “இந்த நடை போய்வரட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்கிறார். வண்டி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும் வாடகை நஷ்டம். குறையை முதலில் அறிபவர் டிரைவர். காலுக்குக் கீழே பெடல் எவ்வளவு இறங்குகிறது என்பது அவருக்குத்தான் தெரியும். அவர் நடைக்கு இவ்வளவு என்று கூலியும் பேட்டாவும் வாங்குபவர். வண்டி நின்றால் அவருக்கும் கூலி நின்றது. எடுக்கமாட்டேன் என்றால் சாவியை வாங்க இன்னொருவர் காத்திருக்கிறார். விபத்து நேர்ந்தால் முதல் கைதி அவரே. அடிபட்டுச் சாவதிலும் அவரே முதல். தெரிந்தவனுக்கு அதிகாரமில்லை, அதிகாரமுள்ளவனுக்குத் தெரியவேண்டிய அவசியமில்லை என்ற இந்த ஏற்பாட்டை மாற்றாமல், டிரைவர்களுக்குப் ‘பாதுகாப்பு வாரம்’ கொண்டாடிச் சாக்லேட் கொடுப்பதால் ஒரு பிரயோஜனமும் விளையாது.

சர்க்காரின் பரிசோதனை எப்படி இருக்கிறது? வாடகைக்கு ஓடும் புது வண்டிக்கு இரண்டு வருஷத்துக்குத் தகுதிச் சர்டிபிகேட். எட்டு வருஷம் வரையில் இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதற்குமேல் ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டும் என்று 2018-ல் விதி செய்தார்கள். எப்.சி. என்று ஜனங்கள் வழங்கும் இந்தச் சடங்குக்கு வண்டியைத் தயார் செய்வது எப்படி என்பது ஊரறிந்த ரகசியம். பெயிண்ட் அடிக்கப்படும், பிரதிபலிப்புப் பட்டை ஒட்டப்படும், விளக்கு எரியும். நல்ல டயரை இரவல் வாங்கி மாட்டி, சர்டிபிகேட் கைக்கு வந்த மாலையே கழற்றிக் கொடுப்பவர்களும் இருக்கிறார்கள். சக்கரத்தைக் கழற்றி லைனிங்கை அளக்க ஆய்வாளருக்கு நேரமும் இல்லை, ஆளும் இல்லை. நாள் ஒன்றுக்கு அவர்முன் வரிசையில் நிற்கும் வண்டிகள் அத்தனை. 2012 ஜூலையில் தாம்பரத்தை அடுத்த சேலையூரில் பள்ளிக்கூட பஸ்ஸின் தரையில் இருந்த ஓட்டை வழியாக விழுந்து ஒரு சிறுமி மாண்ட கோரத்தைத் தமிழ்நாடு மறந்திருக்காது. அந்த பஸ் சிறிது காலத்துக்கு முன்புதான் தகுதிச் சர்டிபிகேட் பெற்றிருந்தது. காலுக்கடியில் உள்ள ஓட்டையையே காணாத கண், டிரம்முக்குள் இருக்கும் லைனிங்கைக் கண்டிருக்குமா? அதன் பிறகு பள்ளி பஸ்களுக்கென்று அவ்வாண்டே தனி விதிகள் வந்தன. ஒரு குழந்தையின் உயிர் தேவைப்பட்டது.

ஆளின் கண்ணுக்குப் பதில் யந்திரத்தால் பரிசோதிக்கும் நிலையங்களுக்கு 2021 செப்டம்பரில் மத்திய சர்க்கார் விதிகளை வெளியிட்டனர். சுழலும் உருளைகளின்மேல் சக்கரத்தை நிறுத்திப் பிரேக்கை மிதித்தால், ஒவ்வொரு சக்கரத்தின் பிடிப்பும், இடது வலது பேதமும் எண்ணாகத் தெரிந்துவிடும். கனரக வண்டிகளுக்கு 2023 ஏப்ரல் முதல் கட்டாயம் என்றார்கள். பின்னர் அதை 2024 அக்டோபருக்குத் தள்ளினார்கள். யந்திரத்தை நாம் வரவேற்கிறோம். யந்திரம் லஞ்சம் வாங்காது என்பது உண்மையே. ஆனால் அதன் எண்ணைக் காகிதத்தில் எழுதித் தருகிறவர்கள் மனிதர்கள். நிலையங்களைத் தனியார் நடத்தும்போது, வண்டிக்காரரே அவர்களுக்கு வாடிக்கைக்காரர் ஆகிறார். கெடுபிடி செய்யும் நிலையத்தை விட்டுத் தாராளமான நிலையத்தை அவர் நாடிப் போகாதபடி தடுப்பது எது என்பதற்கு விடை வேண்டும்.

சொந்த உபயோகத்துக்கான கார், மோட்டார் சைக்கிள்களின் நிலை இன்னும் விசித்திரம். பதிவு செய்த நாளிலிருந்து பதினைந்து வருஷம் வரையில் அவற்றின் பிரேக்கைச் சர்க்கார் ஒரு முறைகூடப் பார்ப்பதில்லை. ஆறு மாதத்துக்கோ ஒரு வருஷத்துக்கோ ஒரு முறை புகையைப் பார்க்கிறார்கள். புகை பரிசோதிக்கப்படவேண்டியதே; ஆனால் நிற்காத வண்டி சுத்தமான புகையை விட்டுக்கொண்டு மோதுவதில் யாருக்கு லாபம்? பிரிட்டனில் 1960-ல் பத்து வயது கடந்த கார்களின் பிரேக், விளக்கு, ஸ்டீரிங் ஆகியவற்றைப் பார்க்கத் தொடங்கினார்கள். தேறாதவை ஏராளமாக இருப்பதைக் கண்டு அடுத்த ஆண்டே ஏழு வயதாகவும், 1967-ல் மூன்று வயதாகவும் குறைத்தார்கள். ஜப்பானில் முதல் மூன்று வருஷத்துக்குப் பிறகு இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை, ஜெர்மனியிலும் அவ்வாறே. இந்நாடுகளின் ஜனங்கள் நம்மைவிட யோக்யர்கள் என்பதற்காக அங்கே இது நடக்கவில்லை. பரிசோதனையில் கிடைத்த எண்களை மறைக்காமல் வெளியிட்டதால் நடந்தது.

இங்கே இன்னொரு பரிசோதனையை வைத்தால் லஞ்சத்துக்கு இன்னொரு வாசல் திறந்ததாகும் என்ற ஆட்சேபத்தை நாம் அறிவோம். அது வெறும் பேச்சன்று. தினக்கூலிக்காரன் வேலைக்குப் போகும் பழைய மோட்டார் சைக்கிளின்மீது புதுக் கட்டணத்தைச் சுமத்துவதையும் நாம் ஆதரிக்கமாட்டோம். அவனுக்கு வேண்டியது, பெட்ரோல் பங்கிலோ தாலூகா தலைநகரிலோ இலவசமாகப் பார்த்துச் சொல்லும் ஏற்பாடு. பல மோட்டார் சைக்கிள்களில் பின் டிரம்மின் கையிலேயே தேய்மானத்தைக் காட்டும் அம்புக்குறி இருக்கிறது. அதைக் காட்டிக்கொடுக்க அரை நிமிஷம் போதும். கட்டாயப் பரிசோதனையை முதலில் எட்டு வயது கடந்த கார்களிலும், ஜனங்களை ஏற்றிச் செல்லும் வான்களிலும் ஆரம்பிக்கலாம்.

லஞ்சத்துக்கு மாற்று, எண்களைப் பகிரங்கமாக்குவதே. இன்றைய தகுதிச் சர்டிபிகேட் ‘தகுதி உண்டு’ என்ற ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறது. அதற்குப் பதில், ஒவ்வொரு சக்கரத்திலும் லைனிங் எத்தனை மில்லிமீட்டர், இடது வலது பிடிப்பு எவ்வளவு, ஷாக் அப்சார்பரில் கசிவு உண்டா, அளந்த தேதி என்ன, அளந்தவர் யார் என்பவற்றை எழுதிக் கையெழுத்திடவேண்டும். பஸ்களில் அந்தக் காகிதத்தைப் பிரயாணிகள் காணும்படி டிரைவர் ஆசனத்துக்குப் பின்னால் ஒட்டவேண்டும். 8 மில்லிமீட்டர் என்று எழுதிய லைனிங் அடுத்த வாரமே ரிவெட்டில் உரசினால், எழுதியவரைக் கேட்க எவருக்கும் முடியும். சர்க்கார் பஸ்களும் இதற்கு விலக்கல்ல. போக்குவரத்துக் கழகங்கள் முதலில் செய்து காட்டினால், தனியாரைக் கேட்கும் யோக்யதை சர்க்காருக்கு வரும்.

டிரைவர் விஷயத்தில் சட்டமே வேண்டும். வண்டிக்கு ஒரு குறைப் புத்தகம் இருக்கவேண்டும். டிரைவர் எழுதிய குறைக்கு எதிரே, என்ன செய்தோம், எப்பொழுது செய்தோம் என்று முதலாளி எழுதிக் கையெழுத்திடாமல் வண்டி புறப்படக்கூடாது. பிரேக் குறையை எழுதிவிட்டு வண்டியை எடுக்க மறுத்தவரை வேலையை விட்டு நீக்குவது குற்றமாகவேண்டும். விபத்து நேர்ந்தால் போலீஸார் டிரைவரின் லைசென்ஸைக் கேட்பதோடு இப்புத்தகத்தையும் கைப்பற்றவேண்டும். சுப்ரீம் கோர்ட்டார் 1977-ல் சொந்தக்காரர்மீது சுமத்திய ருசுவுக்கு அதுவே முதல் சாட்சியாகும். 190-வது பிரிவில் 2019-ஆம் வருஷத் திருத்தம் விதித்த அபராதம் 1,500 ரூபாய். ஒரு லாரியின் நான்கு சக்கரத்துக்கு நல்ல லைனிங் போடும் செலவைவிடக் குறைவு. அபராதம் கட்டுவது லாபம், லைனிங் போடுவது நஷ்டம் என்று கணக்குப் பார்க்கும்படி சட்டமே சொல்லிக்கொடுக்கிறது. இத்தொகையை உயர்த்துவது பார்லிமெண்டின் வேலை. சர்டிபிகேட்டில் எண்களைச் சேர்ப்பதற்கும், குறைப் புத்தகத்தைக் கழக பஸ்களில் உடனே ஆரம்பிப்பதற்கும் தமிழ்நாடு சர்க்கார் டில்லியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. அடுத்த சட்டசபைக் கூட்டத்தில் போக்குவரத்து மானியம் விவாதத்துக்கு வரும்போது, அங்கத்தினர்கள் புது பஸ் எத்தனை என்று கேட்பதோடு நில்லாமல், ஓடுகிற பஸ்களில் லைனிங் அளந்தது எத்தனை, மாற்றியது எத்தனை என்ற இரு எண்களை மந்திரியாரிடம் கேட்டு வாங்கவேண்டும்.